தீபாவளிக்குக் கேட்ட ரிப்போர்ட்: அஜைல் பி.ஐ. என்றால் என்ன?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சோப்பு, ஷாம்பு போன்ற சாமான்களைக் கடைகளுக்கு விற்கும் ஒரு கம்பெனியின் ரிப்போர்ட் குழுவில் இருந்தேன். செப்டம்பர் முதல் வாரத்தில் ஏரியா மேனேஜர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். "தம்பி, போன தீபாவளிக்குச் சரக்கு எடுத்த கடைகள்ல எத்தனை கடை இந்த வருஷம் இன்னும் ஆர்டரே போடலை? லிஸ்ட் மட்டும் கொடுங்க, பசங்களை அனுப்பி வைக்கிறேன்."

கேள்வி ஒரே வரி. ஆனால் எங்களிடம் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. அதை அவர் நிரப்ப வேண்டும், அவருடைய மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அது ஐ.டி. துறைக்குப் போகும். அங்கே ரெக்வயர்மென்ட், அதாவது என்னென்ன தேவை என்று எழுதுகிறவர் அவரை இரண்டு முறை சந்தித்து, பன்னிரண்டு பக்கத்துக்கு ஓர் ஆவணம் தயாரித்து, அதற்கு ஒப்புதல் வாங்கி, அப்புறம்தான் வேலை என்னைப் போன்றவர்களிடம் வரும். நாங்கள் எழுதினோம், சோதனைக் குழு பார்த்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரம் சிஸ்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதால் அதற்கும் காத்திருந்தோம். டிசம்பர் இரண்டாம் வாரம் ரிப்போர்ட் வந்தது. ஒரு பிழைகூட இல்லை. அவர் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு தம்பி. இதையே பொங்கலுக்குக் கொஞ்சம் மாத்திக் கொடுக்க முடியுமா?" என்றார். முடியும். அதற்கு இன்னொரு படிவம் போட வேண்டும்.

இதில் யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். வேலையைக் கோத்திருந்த விதம்தான் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூன்று மாதத்தைக் கொண்டுவந்து வைத்தது. அந்த மூன்று மாதத்தை மூன்று நாளாக்கப் பார்க்கும் முயற்சிகளுக்கு 'அஜைல் பி.ஐ.' என்றும், பயனர் தானே தோண்டிப் பார்க்கும் வழிக்கு 'செல்ஃப் சர்வீஸ் பி.ஐ.' என்றும் பெயர். இரண்டும் ஒன்றல்ல என்றாலும் பெரும்பாலும் கைகோத்துத்தான் வரும்.

முதலில், பி.ஐ. என்பது என்ன? பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்பதன் சுருக்கம். 'வணிக நுண்ணறிவு' என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ மூளை சம்பந்தப்பட்ட சமாச்சாரம் போலத் தோன்றும். உண்மையில் இங்கே இன்டெலிஜென்ஸ் என்பது உளவுத்துறை என்கிறோமே, அந்தப் பொருளுக்கு நெருக்கமானது: நிலவரத்தை அறிந்து வைத்திருப்பது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ல் இந்தப் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனத்துக்குள் வந்து குவியும் ஆவணங்களை இயந்திரமே சுருக்கி, யாருக்கு எது தேவையோ அவரிடம் சேர்ப்பது அவர் கண்ட கனவு. (உங்கள் பர்ஸில் இருக்கும் கார்டின் எண் சரியாகத் தட்டப்பட்டதா என்று இணையதளம் சட்டென்று கண்டுபிடிக்கிறதே, அந்தக் கடைசி இலக்கச் சூத்திரமும் இவருடையதுதான்.) 1989-ல் ஹோவர்ட் டிரெஸ்னர் என்பவர் இந்தச் சொல்லை, தரவை வைத்து முடிவெடுக்க உதவும் எல்லா முறைகளுக்குமான பொதுப்பெயராகப் பரப்பினார். நம் ஊர் அலுவலகங்களில் இன்றும் இதன் பழைய பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது: எம்.ஐ.எஸ்., அதாவது மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். 'காலைல எம்.ஐ.எஸ். வந்துடுச்சா?' என்று யாராவது கேட்டால் அவர் பி.ஐ. பற்றித்தான் பேசுகிறார்.

சரி, இது ஏன் இவ்வளவு மெதுவாக நடந்தது?

பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வியாபாரத்தில் நடப்பதையெல்லாம் நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு அதையே பேரேட்டில் கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவார்கள். குறிப்பேடு எழுதுவதற்கு வசதி, பேரேடு கேள்வி கேட்பதற்கு வசதி. 'அண்ணாச்சி கடை நமக்கு எவ்வளவு தர வேண்டும்?' என்று கேட்டால் யாரும் குறிப்பேட்டின் ஆயிரம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். பேரேட்டில் ஒரே பக்கம்.

கணினியிலும் இதே கதைதான். பில் போடும் மென்பொருள் குறிப்பேடு மாதிரி. வேகமாக எழுத வேண்டும், ஒரு பில்லும் தவறக் கூடாது. அதனிடமே போய் 'மூன்று வருஷத்தில் ஊர் வாரியாக, மாத வாரியாக விற்பனை என்ன?' என்று கேட்டால் திணறும், கவுன்ட்டரில் பில் நிற்கும். அதனால் தனியாக ஒரு பேரேடு கட்டினார்கள். அதற்குப் பெயர் டேட்டா வேர்ஹவுஸ், அதாவது தரவுக் கிடங்கு. ஐ.பி.எம்.மைச் சேர்ந்த பேரி டெவ்லினும் பால் மர்ஃபியும் 1988-ல் இதன் வடிவத்தை எழுதினார்கள். 1990-களில் பில் இன்மன், ரால்ஃப் கிம்பல் இருவரும் கிடங்கை எப்படிக் கட்டுவது என்று ஆளுக்கொரு முறையை வகுத்தார்கள். அவர்களைப் பின்பற்றுகிறவர்களுக்குள் நடந்த வாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை.

பல இடங்களிலிருந்து தரவை எடுத்து, சுத்தம் செய்து, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து இந்தக் கிடங்கில் இறக்குவதுதான் கடினமான வேலை. ஒரு சிஸ்டத்தில் 'திருநெல்வேலி', இன்னொன்றில் 'நெல்லை', மூன்றாவதில் வெறும் பின்கோடு. இதையெல்லாம் சரிசெய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், விலை உயர்ந்த சர்வர் வேண்டும். கிடங்கில் பிறகு ஒரு புது நெடுவரிசை சேர்ப்பதென்றால் பெரும்பாடு. அதனால் 'என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்' என்று ஐ.டி. துறை கேட்டது. அது கேட்டதிலும் நியாயம் உண்டு. பன்னிரண்டு பக்க ஆவணம் அங்கேதான் பிறந்தது.

இந்த முறையில் இருந்த சிக்கல் என்னவென்றால், ரிப்போர்ட் கேட்கிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று முதலில் முழுதாகத் தெரியாது. தெரியவும் முடியாது. ரயில் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ரிப்போர்ட் அப்படியல்ல. ஆர்டர் போடாத கடைகள் 200 என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, 'அதில் பெரிய கடை எத்தனை?' அதற்குப் பதில் வந்ததும், 'எல்லாம் ஒரே சேல்ஸ்மேன் சுற்றும் பகுதியில் இருக்கிறதே, அவர் லீவில் இருந்தாரா?' ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைப் பெற்றுப் போடுகிறது. இந்தச் சங்கிலியின் நான்காவது கேள்விதான் அவருக்கு உண்மையில் தேவையானது. முதல் கேள்விக்கே மூன்று மாதம் என்றால் நான்காவதற்கு அவர் எப்போது போய்ச் சேர்வார்?

சேர்ந்தார்கள், குறுக்கு வழியில். அந்தக் குறுக்கு வழியின் பெயர் எக்செல்.

செல்ஃப் சர்வீஸ் பி.ஐ. ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். 1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற, எக்செல் போலக் கட்டங்களில் கணக்குப் போடும் மென்பொருளை வெளியிட்டார்களே, அன்றைக்கே அது தொடங்கிவிட்டது. நிரல் எழுதத் தெரியாத ஒருவர், ஐ.டி. ஆளைக் கேட்காமல், தானே ஓர் எண்ணை மாற்றி மொத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க முடிந்தது. பிறகு லோட்டஸ், பிறகு எக்செல். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பிவட் டேபிள், விலுக்கப் போன்ற எக்செல் வித்தைகளை விரல் நுனியில் வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அந்த அலுவலகத்தின் உண்மையான பி.ஐ. துறை அவர்தான். அவர் கல்யாணத்துக்கு லீவு போட்டால் அந்த வாரம் எம்.ஐ.எஸ். வராது.

எக்செல்லைக் குறை சொல்வது எளிது, அது இல்லாமல் இருப்பது கடினம். ஆனால் அது எங்கே காலை வாரும் என்பதற்கு 2020-ல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளை எக்செல்லின் பழைய வடிவக் கோப்பில் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டன. தாள் நிரம்பியதும் மிச்சம் விழுந்துவிட்டது. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையே 15,841 பேர் கணக்கில் வரவில்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தாமதமானது. எக்செல்லின் புதிய வடிவத்திலேயே வரிசைகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆக ஒரு பக்கம் மூன்று மாதம் எடுத்துச் சரியான பதில் தரும் ஐ.டி. துறை. இன்னொரு பக்கம் மூன்று மணி நேரத்தில் ஏதோ ஒரு பதில் தரும் எக்செல். நடுவில் ஒரு வழி கிடைக்காதா என்றுதான் தேடினார்கள்.

அஜைல் என்றால் துடிப்பான, சட்டென்று வளைந்துகொடுக்கும் என்று பொருள். இந்தச் சொல் மென்பொருள் உலகிலிருந்து வந்தது. 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு இடத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். கனமான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம், ஒப்பந்தத்தில் பேரம் பேசுவதைவிட வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வேலை செய்வது முக்கியம், போட்ட திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது முக்கியம் என்பது அதன் சாரம். ரிப்போர்ட் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. ஏனென்றால் மாற்றம்தான் அங்கே அன்றாடம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? வீடு கட்டுவதை வைத்துச் சொல்கிறேன். பழைய முறையில் பத்து அறைக்கும் அஸ்திவாரம், பிறகு பத்து அறைக்கும் சுவர், பிறகு கூரை. எல்லாம் முடியும் வரை யாரும் குடியேற முடியாது. அஜைல் முறையில் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு அஸ்திவாரம் முதல் மின்விசிறி வரை முடித்து, ஆளை உட்காரவைத்து, 'காற்று வருகிறதா?' என்று கேட்பார்கள். ரிப்போர்ட்டில் அது இப்படி ஆகும்: எல்லா மாவட்டத்துக்கும் எல்லாப் பொருளுக்கும் வேண்டாம். ஒரு மாவட்டம், ஒரே ஒரு கேள்வி, ஆனால் நிஜத் தரவு. இரண்டு வாரத்துக்குள் அதை மேனேஜரின் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டும். மாதிரித் தரவை வைத்து அழகாக வரைந்த படம் இதற்கு உதவாது. 'கடை அ', 'கடை ஆ' என்று இருந்தால் அவர் வண்ணத்தைப் பற்றித்தான் கருத்துச் சொல்வார்.

சில வருஷம் கழித்து இதே மாதிரி ஒரு பட்டியலை வேறொரு குழுவில் இந்த முறையில் செய்தோம். மூன்றாம் நாள் காலையில், பாதி வெந்த நிலையில், ஒரு தாலுகாவுக்கு மட்டும் எடுத்துக் காட்டினோம். பார்த்த மேனேஜர் பத்து வினாடியில், "இது தப்பு சார். இந்தக் கடையும் அந்தக் கடையும் ஒண்ணுதான். அப்பா இறந்த பிறகு பையன் பேர்ல ஜி.எஸ்.டி. மாத்திட்டாங்க" என்றார். எங்கள் தரவில் பழைய கடை 'ஆர்டர் போடாத கடை', பையனின் கடை 'புதுக் கடை'. இப்படி எத்தனை என்று தேடினால் நூற்றுக்கும் மேல். பன்னிரண்டு பக்க ஆவணத்தில் இதை யார் எழுதியிருப்பார்கள்? கேட்டிருந்தால் அவருக்கே நினைவுக்கு வந்திருக்காது. பெயரைக் கண்ணால் பார்த்ததும்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே கூட்டம் போடுவதையும், சுவரில் மஞ்சள் சீட்டு ஒட்டுவதையும், இரண்டு வார வேலைக்கு 'ஸ்பிரின்ட்' என்று பெயர் வைப்பதையும் அஜைல் என்று நினைக்கும் அலுவலகங்கள் நிறைய உண்டு. ஆறு மாதமாக ஸ்பிரின்ட் ஓடியும் ஒரு மேனேஜர்கூட ஒரு திரையையும் பார்க்கவில்லை என்றால், அது பழைய முறைதான். நின்றுகொண்டு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது கருவிகள். முறை மாறினால் மட்டும் போதாது, இயந்திரமும் வேகம் பெற வேண்டியிருந்தது. அதில் நடந்த ஒரு மாற்றம் ரசமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து லட்சம் பில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நாற்பது தகவல் என்று வையுங்கள். பழைய தரவுத்தளம் (டேட்டாபேஸ்) அவற்றை பில் வாரியாக அடுக்கும். ஊர் வாரியாக மொத்தத் தொகை கேட்டால், தேவையானது ஊர், தொகை என்ற இரண்டே தகவல். ஆனாலும் மற்ற முப்பத்தெட்டையும் சேர்த்துத்தான் கணினியின் வன்தட்டிலிருந்து படிக்க வேண்டும். புதிய முறை தகவலை நெடுவரிசை வாரியாக அடுக்குகிறது: எல்லா ஊரும் ஓரிடத்தில், எல்லாத் தொகையும் ஓரிடத்தில். கேட்ட இரண்டை மட்டும் எடுத்தால் போதும். அதோடு, பத்து லட்சம் பில்லில் வேறு வேறு ஊர்ப் பெயர் நூறுதான் என்றால், ஊருக்கு ஒரு சிறு எண் கொடுத்துவிட்டு அந்த எண்ணையே எழுதிக்கொண்டு போகலாம். தரவு பல மடங்கு சுருங்கும். சுருங்கியதைக் கணினியின் நினைவகத்திலேயே மொத்தமாக ஏற்றிவிடலாம். அப்புறம் கேள்விக்குப் பதில் வினாடிக்குள் வரும்.

இந்த வினாடி முக்கியமானது. பதில் பத்து நிமிடம் கழித்து வந்தால் ஆள் டீ குடிக்கப் போய்விடுவார், சங்கிலி அறுந்துவிடும். வினாடியில் வந்தால் அடுத்த கேள்வியை அந்த மூச்சிலேயே கேட்பார்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1993-ல் தொடங்கிய கிளிக் நிறுவனம் தரவை நினைவகத்தில் ஏற்றும் வழியை முன்னே கொண்டுவந்தது. 2003-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றிலிருந்து டாப்லோ பிறந்தது. ஊர், மாதம், தொகை என்ற பெயர்களைச் சுட்டியால் இழுத்துத் திரையில் போட்டால், அதற்கான தரவுத்தளக் கேள்வியை மென்பொருளே எழுதிப் படமாக வரைந்துவிடும். (டாப்லோவைத் தொடங்கிய மூவரில் ஒருவரான பேட் ஹன்ராஹன், பிக்ஸாரின் ஆரம்பக்காலப் பணியாளர். அனிமேஷன் படங்களுக்கு ஒளியும் நிழலும் கணக்குப் போட்டவர் விற்பனை வரைபடத்துக்கு வந்து சேர்ந்தார்.) 2015-ல் மைக்ரோசாஃப்ட் பவர் பி.ஐ.யைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. எக்செல் பழகிய கைக்கு அது சட்டென்று ஒட்டியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவும் ஜோஹோ அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இதே வகைக் கருவியை விற்கிறது. எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், உங்கள் அலுவலகத்து எக்செல் நிபுணர் எதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறாரோ அது.

கருவி வந்தாயிற்று, ஆளாளுக்குக் கொடுத்தாயிற்று. கதை இங்கே சுபமாக முடிய வேண்டும். முடியவில்லை. அதற்கு நல்ல உதாரணம் ஏர்பிஎன்பி. வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவோரையும் பயணிகளையும் இணைக்கும் இந்த சான் ஃபிரான்சிஸ்கோ நிறுவனம் தன் அனுபவத்தைத் தானே வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

2010-ல் அங்கே முழுநேரத் தரவு ஆய்வாளர் ஒரே ஒருவர். அவருடைய மடிக்கணினிதான் நடைமுறையில் நிறுவனத்தின் தரவுக் கிடங்கு. கேள்விகளை நேரடியாக ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலேயே கேட்பார்கள். கனமான கேள்வி ஒன்றைக் கேட்டு, சில சமயம் இணையதளமே படுத்துவிட்டதாம். குறிப்பேட்டிடம் போய்ப் பேரேட்டுக் கேள்வி கேட்டதன் பலன்.

பிறகு நிறுவனம் வளர்ந்தது. ஒழுங்காகக் கட்டிய அடிப்படை அட்டவணைகள் வந்தன. 2015-ல் அங்கே வேலை பார்த்த மாக்ஸிம் போஷமின் ஒரு ஹேக்கத்தானில் (சில நாளில் ஒரு மென்பொருளை எழுதிக் காட்டும் நிகழ்ச்சி) தொடங்கிய கருவி சூப்பர்செட் ஆயிற்று. இன்று அது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய, அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் திட்டம். 2016-ல் 'டேட்டா யூனிவர்சிட்டி' என்று ஊழியர்களுக்கு ஒரு வகுப்பே தொடங்கினார்கள். தரவைப் பார்த்து யோசிப்பது எப்படி என்பதில் ஆரம்பித்து, கேள்வி மொழியான எஸ்.க்யூ.எல்., அதற்கு மேல் நிரலாக்கம் என்று படிப்படியாகப் போகும். தரவுக் கருவிகளை வாரந்தோறும் பயன்படுத்தும் ஊழியர்கள் 30 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். பயனரிடம் கொடுப்பது என்றால் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அல்ல என்பதைப் புரிந்துவைத்திருந்தார்கள்.

ஆனாலும் சிக்கல் வந்தது, வெற்றியின் வழியாகவே வந்தது. அட்டவணைகள் நன்றாக இருந்ததால் எல்லோரும் அவற்றின் மேல் தங்களுக்கென ஓர் அட்டவணை கட்டினார்கள். அதன் மேல் இன்னொருவர் இன்னொன்று கட்டினார். போன வாரம் எந்த நகரத்தில் பதிவுகள் அதிகம் என்று தலைமை நிர்வாகி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால், தரவு அறிவியல் குழு ஒரு பதில் சொல்லும், நிதித் துறை வேறு பதில் சொல்லும். இரண்டு பக்கமும் பொய் இல்லை. எடுத்த அட்டவணை வேறு, 'பதிவு' என்ற சொல்லுக்குக் கொண்ட பொருள் வேறு.

அவர்கள் கண்ட தீர்வுக்கு மினர்வா என்று பெயர் வைத்தார்கள். 'பதிவு' என்றால் என்ன, 'ரத்து' என்றால் என்ன என்று ஒவ்வோர் அளவையையும் (மெட்ரிக்) ஒரே இடத்தில், நிரல் போல எழுதி, மற்றவர்கள் சரிபார்த்த பிறகே ஏற்பார்கள். எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டானாலும், புது மாற்றங்களைச் சோதித்துப் பார்ப்பதானாலும் எல்லாம் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 2021-ல் அவர்கள் இதைப் பற்றி எழுதியபோது அதில் 12,000-க்கும் மேற்பட்ட அளவைகள் இருந்தன. ஒரு நிறுவனத்துக்குப் பன்னிரண்டாயிரம் சொற்கள் கொண்ட அகராதி என்று நினைத்துப் பாருங்கள்.

நம் சோப்புக் கம்பெனிக்கு வருகிறேன். 'விற்பனை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்புவது பிரைமரி விற்பனை. டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு விற்பது செகண்டரி விற்பனை. மாதக் கடைசியில் டார்கெட் எட்டுவதற்காகச் சரக்கை டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் கட்டினால் பிரைமரி எகிறும், செகண்டரி அசையாது. அப்புறம் ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் போன பதினோராவது சோப்பை எப்படி எண்ணுவது? திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டுமா, கழித்தால் விற்ற மாதத்திலா, திரும்பிய மாதத்திலா? இருவர் ஒரே கூட்டத்துக்கு இரண்டு டேஷ்போர்டோடு வந்து, முக்கால் மணி நேரம் எது சரி என்று சண்டை போட்டு, எடுக்க வேண்டிய முடிவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவருடையது பிரைமரி, மற்றவருடையது செகண்டரி. இரண்டின் தலைப்பும் 'விற்பனை'.

அதனால் நான் அஜைல் பி.ஐ.யைப் பற்றி யாரிடம் பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்: கேள்வி கேட்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுங்கள், சொல்லுக்குப் பொருள் வைக்கும் உரிமையைக் கொடுக்காதீர்கள். வரைபடம் ஆளுக்கொன்று இருக்கலாம், 'செகண்டரி நிகர விற்பனை' என்பதன் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். தரவுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் அந்தச் சூத்திரத்தை வைத்திருக்கும் அடுக்குக்கு செமான்டிக் லேயர் என்று பெயர். பெயர்தான் பெரிசு. சிறிய கம்பெனிக்கு ஒரு பக்கத் தாள்கூடப் போதும், அதில் நிதித் துறையும் விற்பனைத் துறையும் கையெழுத்துப் போட்டிருந்தால்.

டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போட்டு, எக்செல்லில் எம்.ஐ.எஸ். எடுக்கும் ஓர் அலுவலகம் இதை எங்கிருந்து தொடங்குவது? கருவி வாங்குவதிலிருந்து அல்ல. திங்கட்கிழமைக் கூட்டத்தில் தவறாமல் வரும் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். அதற்கு இப்போது எக்செல்லில் பதில் தயாரிப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தெந்தக் கோப்பை எடுக்கிறார், எதைக் கையால் திருத்துகிறார் என்று பாருங்கள். அந்தக் கைத்திருத்தங்களில்தான் கம்பெனியின் ரகசியமெல்லாம் இருக்கிறது. 'இந்த மூணு கடையை மட்டும் தூக்கிடுவேன் சார், அது ஓனரோட மச்சான் கடை' என்பது போன்றவை. பிறகு தரவின் நகலை வேறிடத்தில் வைத்து அதிலிருந்து வேலை செய்யுங்கள். ஓடுகிற பில் சிஸ்டத்தின் மேல் கை வைத்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். கேள்விக்குச் சொந்தக்காரர் வரவில்லை என்றால் கூட்டத்தை ரத்து செய்யுங்கள். அவர் இல்லாமல் மற்றவர்கள் ஊகித்துச் செய்வது வீண்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் முதல் நாளே தீர்மானியுங்கள். சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணும் எல்லோர் கையிலும் இருக்க வேண்டியதில்லை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல.

அப்புறம், அழிக்கப் பழகுங்கள். செல்ஃப் சர்வீஸ் வந்த இடமெல்லாம் டேஷ்போர்டு காளான் மாதிரி முளைக்கும். 'விற்பனை ஃபைனல்', 'விற்பனை ஃபைனல் 2', 'விற்பனை புதுசு இதைப் பாருங்க'. மூன்று மாதமாக யாரும் திறக்காததை ஓரமாக எடுத்து வையுங்கள். யாராவது கத்தினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் அனுபவத்தில் பெரும்பாலும் யாரும் கத்துவதில்லை.

எல்லாவற்றையும் அஜைலாகச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஜி.எஸ்.டி. தாக்கல், தணிக்கைக்குப் போகும் கணக்கு, வங்கிக்குக் கொடுக்கும் அறிக்கை ஆகியவற்றுக்குப் பழைய மெதுவான, கையெழுத்துப் போடும் முறைதான் நல்லது. அங்கே அடுத்த கேள்வி வரப்போவதில்லை. பதில் தப்பாக இருந்தால் நோட்டீஸ்தான் வரும். பன்னிரண்டு பக்க ஆவணத்தைக் கேலி செய்த நானே அதற்கு இன்னும் அதை எழுதுகிறேன்.

இப்போது இன்னொரு வகை வந்திருக்கிறது. இழுத்துப் போடக்கூட வேண்டாம், பெட்டியில் சாதாரண மொழியில் 'போன மாத விற்பனை எவ்வளவு?' என்று தட்டினால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லிவிடும் என்கிறார்கள். சொல்கிறது, அழகாகவே சொல்கிறது. ஆனால் அந்த வகைக் கருவியை யாராவது என்னிடம் காட்ட வந்தால் முதலில் இந்தக் கேள்வியைத்தான் தட்டுவேன். பிறகு அது 'பிரைமரியா, செகண்டரியா?' என்று திருப்பிக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.